'செகண்ட்' என்றால் இரண்டாவது, விநாடியும் 'செகண்ட்'. அப்படியானால் முதலாவது எது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. சென்ற வாரம் காலத்தின் அலகுகளைப் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி எழுந்து, "ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று எண்ணும்போது செகண்ட் என்றால் இரண்டாவது. கடிகாரத்திலும் செகண்ட் இருக்கிறது. அது இரண்டாவது என்றால் முதலாவது எங்கே, டீச்சர்?" என்று கேட்டாள். ஒரே ஒலியுடைய இரு வேறு சொற்களாக இருக்கலாம் என்று அப்போதைக்குச் சொல்லி அமர்த்திவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டேனோ என்று உறுத்துகிறது. இவை இரண்டும் ஒரே சொல்தானா, ஒரே சொல் என்றால் ஒரு மணியின் 3,600இல் ஒரு பங்குக்கு 'இரண்டாவது' என்று பெயரிட்டது ஏன் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், அந்த மாணவிக்குச் சரியான விடையைச் சொல்லிவிடுவேன்.

மறுமொழி 1

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கேள்வி மிகச் சரியான கேள்வி. இரண்டும் ஒரே சொல்தான். அவள் தேடும் 'முதலாவது' கடிகாரத்திலேயே இருக்கிறது. அது நிமிடம்.

இடைக்கால ஐரோப்பாவில் வானியலாளர்கள் லத்தீனில் எழுதினார்கள். ஒரு முழு அளவை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் பங்கை அவர்கள் 'பார்ஸ் மினூட்டா ப்ரீமா' என்றார்கள்; 'முதலாம் சிறு பகுதி' என்பது அதன் பொருள். அந்தச் சிறு பகுதியை மீண்டும் அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது 'பார்ஸ் மினூட்டா செகுண்டா', அதாவது 'இரண்டாம் சிறு பகுதி'. நாள்தோறும் கணக்கிடுபவர்கள் இவ்வளவு நீளமான தொடரை முழுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா? முதல் தொடரில் 'சிறு' என்ற சொல் மட்டும் நின்று 'மினிட்' ஆயிற்று. இரண்டாவது தொடரில் 'இரண்டாம்' என்ற சொல் மட்டும் நின்று 'செகண்ட்' ஆயிற்று. ஆக, நிமிடத்தின் பெயரிலிருந்து 'முதலாம்' உதிர்ந்துவிட்டது, விநாடியின் பெயரிலிருந்து 'சிறு பகுதி' உதிர்ந்துவிட்டது. உங்கள் மாணவிக்கு முதலாவது அகப்படாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆங்கிலத்தில் நிமிடத்தைக் குறிக்கும் அதே எழுத்துக்கூட்டலை 'மைன்யூட்' என்று ஒலித்தால் 'மிகச் சிறிய' என்று பொருள் தருவதையும் வகுப்பில் சொல்லலாம்.

இந்தப் பகுப்பு முதலில் கடிகாரத்துக்காக ஏற்பட்டதன்று; வட்டத்துக்காகவும் வானியல் கணக்குக்காகவும் ஏற்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, பிற்காலத்தில் 'அல்மஜெஸ்ட்' என்று பெயர் பெற்ற தம் நூலில், ஒரு பாகையை முதல் அறுபதின்பங்குகளாகவும் இரண்டாம் அறுபதின்பங்குகளாகவும் பிரித்துக் கணக்கிட்டார். அந்நூல் கிரேக்கத்திலிருந்து அரபுக்குச் சென்றது. டொலீடோ நகரில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு 1175ஆம் ஆண்டளவில் அதை அரபிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அரபிலும் இதே அமைப்பைக் காணலாம்: நிமிடத்துக்கு 'தகீகா', அதாவது நுண்ணியது, விநாடிக்கு 'தானியா', அதாவது இரண்டாவது. இன்றைய கிரேக்கத்தில் நிமிடம் 'லெப்டோ', மெல்லியது. விநாடி 'தெஃப்தெரோலெப்டோ', இரண்டாம் மெல்லியது. 'இரண்டாம்', 'சிறு' என்ற இரண்டையும் கைவிடாமல் வைத்திருக்கும் கிரேக்கச் சொல்தான் உங்கள் மாணவிக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நினைக்கிறேன்.

கணித ஆசிரியை என்பதால் மேலும் ஒன்று. கோணத்தில் பாகையின் அறுபதில் ஒரு பங்காகிய கலையைக் குறிக்க எண்ணின் தலையில் ஒரு சாய்கோடும், கலையின் அறுபதில் ஒரு பங்காகிய விகலையைக் குறிக்க இரண்டு சாய்கோடுகளும் இடுகிறோம். ஒற்றைக் கோட்டை ஆங்கிலத்தில் 'பிரைம்' என்று அழைப்பார்கள். லத்தீனில் உதிர்ந்துபோன அந்த 'ப்ரீமா', முதலாவது, இந்தக் குறியின் பெயரில் நிலைத்திருக்கிறது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்துக்கு நன்றி. எனக்கு இரண்டு ஐயங்கள். 'செக்ஷன்' என்ற சொல் 'வெட்டு' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. காலத்தை வெட்டி எடுத்த துண்டு என்ற பொருளில் 'செகண்ட்' என்பதும் அதிலிருந்தே வந்திருக்கக் கூடாதா? மற்றொன்று, மணியை 60 நிமிடங்களாகவும் நிமிடத்தை 60 விநாடிகளாகவும் பிரித்தவர்கள் பாபிலோனியர்கள் என்றே பல இடங்களில் படித்திருக்கிறேன். நீங்கள் தாலமியிலிருந்து தொடங்கிவிட்டீர்களே?

மறுமொழி 3

மொழியியல் படித்தவன் என்ற முறையில் முதல் ஐயத்துக்கு நான் விடை சொல்ல விரும்புகிறேன். ஒலி நெருக்கமாக இருந்தாலும் 'செக்ஷன்' வேறு குடும்பம். 'செகுண்டுஸ்' என்ற லத்தீன் சொல், 'பின்தொடர்' என்று பொருள்படும் 'செக்வி' என்ற வினையிலிருந்து பிறந்தது; முதலாவதைப் பின்தொடர்ந்து வருவது எதுவோ அது இரண்டாவது. சீக்வென்ஸ், கான்சிக்வென்ஸ், பர்சிக்யூட், பர்சூ, சூ ஆகியவை எல்லாம் இதன் உறவினர்கள். நீதிமன்றத்தில் ஒருவர்மேல் வழக்குத் தொடுக்கும் 'சூ' என்ற சொல்லும் பின்தொடர்தலிலிருந்தே வந்தது. நாமும் வழக்கு 'தொடர்ந்தார்' என்றுதான் எழுதுகிறோம்.

சொல்லின் வேறு பொருள்களும் இந்த வேரைத் தெரிந்துகொண்டால் தெளிவாகிவிடும். படகுக்குப் பின்னிருந்து அதே திசையில் வீசும் காற்றை ரோமானியர் 'வெந்துஸ் செகுண்டுஸ்' என்றனர். பின்தொடர்ந்து வந்து தள்ளும் காற்று ஆதலால் அச்சொல்லுக்கு 'அனுகூலமான' என்ற பொருளும் ஏற்பட்டது. அதிலிருந்து 'துணைநில்' என்ற வினை உருவாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு தீர்மானத்தை ஒருவர் கொண்டுவர, இன்னொருவர் அதை 'செகண்ட்' செய்வது இந்தப் பொருளில்தான். இதற்கு நாம் வைத்திருக்கும் 'வழிமொழிதல்' என்ற சொல்லை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும். 'வழி' என்பதற்குப் பின், அடுத்து என்ற பொருள் உண்டு. ஒருவர் முன்மொழிந்ததைத் தொடர்ந்து மொழிவது வழிமொழிதல். லத்தீன் வேரில் இருக்கும் பின்தொடர்தல் என்ற கருத்து அப்படியே தமிழிலும் அமைந்துவிட்டது. ஆலை விற்பனையில் 'செகண்ட்ஸ்' என்று சொல்லும் இரண்டாந்தரச் சரக்கும், பிறர் பயன்படுத்திய பொருளுக்குச் சொல்லும் 'செகண்ட் ஹேண்ட்' என்பதும் நேரடியாகவே புரிபவை.

பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் முதல் பத்து வரிசை எண்களில் 'செகண்ட்' ஒன்றுதான் கடன் வாங்கிய சொல். பழைய ஆங்கிலத்தில் 'அதர்' என்ற சொல்லின் முன்வடிவமே இரண்டாவதையும் குறித்தது. 'மற்றது' என்பதற்கும் 'இரண்டாவது' என்பதற்கும் ஒரே சொல் இருந்தால் குழப்பம் நேரும். 1300ஆம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சிலிருந்து 'செகண்ட்' வந்து அந்தக் குழப்பத்தை நீக்கியது. ஆனாலும் ஒன்றுவிட்ட ஒரு நாளை 'எவ்ரி அதர் டே' என்று சொல்வதில் பழைய பொருள் எஞ்சியிருக்கிறது. நம் 'மறுநாள்' என்ற சொல்லிலும் 'மறு' என்பது மற்ற நாளை மட்டுமின்றி அடுத்த நாளைக் குறிப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். காலத்தைக் குறிக்கும் பொருள் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்குக்கு வந்தது.

மறுமொழி 1 எழுதியவர்

பாபிலோனியரைப் பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். அறுபதை அடியாகக் கொண்ட எண்முறை அவர்களுடையது என்பதில் ஐயமில்லை. தாலமி கையாண்டதும் அவர்களிடமிருந்து வந்த முறைதான். ஆனால் நாளை அவர்கள் பிரித்த விதம் வேறு. ஒரு நாள் 12 'பேரு'. ஒரு பேரு 30 'உஷ்'. அதன்படி ஒரு உஷ் என்பது நம் 4 நிமிடங்களுக்குச் சமம். நாளை 24 ஆகப் பிரிக்கும் வழக்கம் எகிப்திலிருந்து வந்தது. அவையும் பகல் நீளும்போது நீண்டு, குறையும்போது குறுகும் மணிகளாகவே நெடுங்காலம் இருந்தன. எகிப்தின் மணியும் பாபிலோனின் அறுபதும் ஒன்று சேர்ந்த பிறகே மணி, நிமிடம், விநாடி என்ற வரிசை அமைந்தது.

அதற்கு முன்பு நாளையே நேராக அறுபதுகளாகப் பிரித்தார்கள். ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவு வரையிலான சராசரிக் காலத்துக்குப் பாபிலோனியர் கண்டு, தாலமியும் எடுத்தாண்ட அளவு இது: 29 நாள், ஒரு நாளின் 31 முதல் அறுபதின்பங்குகள், 50 இரண்டாம் பங்குகள், 8 மூன்றாம் பங்குகள், 20 நான்காம் பங்குகள். இதை நம் அலகுகளுக்கு மாற்றினால் 29 நாள் 12 மணி 44 நிமிடம் மூன்றே கால் விநாடிக்குச் சற்று மேல் வருகிறது. கையில் விநாடியைக் காட்டும் கருவி எதுவும் இல்லாமல், பல நூற்றாண்டுக் கிரகணக் குறிப்புகளைக் கொண்டு சராசரி எடுத்தே இவ்வளவு நுட்பமான எண்ணை அடைந்தார்கள்.

மணியையே அறுபதறுபதாகப் பிரித்துச் சந்திர மாதங்களைக் கணக்கிட்டவர்களில் கி.பி. 1000ஆம் ஆண்டளவில் எழுதிய அல்-பிரூனி முக்கியமானவர். 1267இல் ரோஜர் பேக்கன் முழுநிலவு நேரங்களை மணி, நிமிடம், விநாடி, 'மூன்றாவது', 'நான்காவது' என்றே எழுதினார். ஆகவே உங்கள் மாணவி "மூன்றாவது உண்டா?" என்று கேட்டால், உண்டு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒரே ஒலியுடைய இரு சொற்கள் என்று நான் சொன்னது தவறு என்பதை நாளையே வகுப்பில் ஒப்புக்கொள்வேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. ஒரு நாளின் அறுபதில் ஒரு பங்கு என்றால் 24 நிமிடம். அது நம் நாழிகை அல்லவா? அப்படியானால் நம் 'விநாடி', 'நொடி', 'நிமிடம்' ஆகிய சொற்கள் முதலிலிருந்தே இன்றைய பொருளில்தான் வழங்கினவா?

மறுமொழி 4

இலங்கையில் படித்தவன் நான். எங்கள் பாடநூல்களில் 'செக்கன்' என்றே படித்தோம். பின்னர் தமிழ்நாட்டு நூல்களில் 'விநாடி' என்று கண்டபோது எழுந்த ஆர்வத்தால் இதைத் தேடிப் படித்திருக்கிறேன்.

நீங்கள் கண்டது சரிதான், அம்மா. பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 60 விநாழிகை. 'நாடிகா' என்ற வடசொல்லே தமிழில் 'நாழிகை' ஆயிற்று. ஆதலால் விநாழிகையும் விநாடியும் ஒரே அலகின் இரு வடிவங்கள். அந்தப் பழைய விநாடி நம் 24 விநாடிகளுக்குச் சமம். ஆங்கிலக் கடிகாரம் வந்த பிறகு, நிமிடத்தின் அறுபதில் ஒரு பங்குக்குப் பெயர் தேவைப்பட்டபோது, இருந்த சொல்லையே எடுத்து, அதன் அளவை 24இல் ஒன்றாகக் குறைத்துக்கொண்டோம். அறுபதால் இருமுறை வகுத்துப் பெறுவது என்ற அளவில் விநாடி உண்மையாகவே ஒரு 'இரண்டாம் சிறு பகுதி'தான். வகுக்கப்படும் முழுமை மட்டும் மணியாக இல்லாமல் நாளாக இருந்தது.

'நிமிடம்' எதிர்த்திசையில் சென்ற சொல். 'நிமிஷம்' என்பது கண்ணிமைக்கும் நேரம். இமைப்பொழுது நீண்டு 60 விநாடி ஆகிவிட்டது. 'நொடி'க்குச் சான்று இன்னும் பழையது. தொல்காப்பியம் எழுத்தொலியின் அளவாகிய மாத்திரையை விளக்கும்போது, இயல்பாகக் கண் இமைப்பதையும் கைவிரல் நொடிப்பதையும் அளவாகக் கூறுகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அங்கே நொடி என்பது வானத்தைப் பார்த்து வகுத்த அளவன்று. மனித உடலிலிருந்து பெற்ற அளவு. லத்தீன் சொல் கணக்கிலிருந்து பிறந்தது, நம் நொடி விரலிலிருந்து பிறந்தது என்ற இந்த வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

உடலும் வானமும் சேர்ந்த ஓர் அளவும் இந்திய வானியலில் உண்டு. சூரிய சித்தாந்தத்தின்படி ஆறு மூச்சு ஒரு பழைய விநாடி. அப்படியானால் ஒரு மூச்சு இன்றைய 4 விநாடி, ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. வட்டத்தின் 360 பாகையை அறுபதால் பெருக்கினாலும் 21,600 கலைதான் வருகிறது. ஒரு மூச்சு நேரத்தில் பூமி ஒரு கலை சுழல்கிறது என்று ஆரியபட்டர் சொன்னதன் கணக்கு இதுவே. கலைக்கு வடமொழி வானியலில் 'லிப்தா' என்ற பெயரும் வழங்கியது. அது மேலே நண்பர் குறிப்பிட்ட கிரேக்க 'லெப்டோ'வின் பழைய வடிவத்திலிருந்து கடன் பெற்ற சொல்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வேண்டுகோள். 'வினாடி' என்று பலர் எழுதுகிறார்கள். சொல்லின் பிறப்பை நோக்கினால் 'விநாடி' என்று எழுதுவதே பொருத்தம்.

மறுமொழி 5

கடிகாரப் பழுதுபார்ப்பவரின் மகன் என்பதால், பெயர் வந்து பல நூற்றாண்டுகள் கழித்தே அந்தப் பெயருக்குரிய பொருள் மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பேக்கன் காலத்தில் விநாடி தாளில் மட்டுமே இருந்தது. தொடக்ககால இயந்திரக் கடிகாரங்களில் மணி முள் ஒன்றுதான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோஸ்ட் பியூர்கி போன்றவர்கள் வானியல் ஆய்வுக்காக விநாடி காட்டும் கடிகாரங்களைச் செய்தார்கள். 1656இல் ஹாய்கென்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகே விநாடி நம்பத்தக்க அளவாயிற்று. ஏறத்தாழ 99.4 செ.மீ. நீளமுள்ள ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி ஆகும். இதை வகுப்பறையிலேயே ஒரு நூலும் கல்லும் கொண்டு செய்து காட்டலாம். 1672இல் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குச் சென்ற ழான் ரிஷே, நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள அவ்வூரில் ஊசலைச் சுமார் 3 மி.மீ. குறைத்தால்தான் அது சரியாக விநாடி காட்டுகிறது என்று கண்டார். புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை என்பது இவ்வாறு தெரியவந்தது. மருத்துவர் ஜான் ஃப்ளாயர் 1707இல் நாடித் துடிப்பை எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரத்தைப் பற்றி எழுதினார்.

பிற்காலத்தில் விநாடிக்கும் நாளுக்கும் இருந்த உறவே அறுந்துவிட்டது. கடல் ஓதங்களால் பூமியின் சுழற்சி சிறிது சிறிதாகக் குறைந்துவருவதால், நாளின் 86,400இல் ஒரு பங்கு என்ற வரையறை நிலையானதன்று. 1955இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் எஸ்ஸனும் பாரியும் சீசியம் அணுக்கடிகாரத்தை இயக்கினார்கள். 1967 முதல், சீசியம்-133 அணு வெளியிடும் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளுக்கு ஆகும் நேரமே ஒரு விநாடி. இன்று நிமிடம் என்பது 60 விநாடி, மணி என்பது 3,600 விநாடி என்று கீழிருந்து மேலாகவே வரையறுக்கிறோம். வகுத்து வகுத்து இறுதியில் கிடைத்த 'இரண்டாம் சிறு பகுதி' இன்று எல்லாவற்றுக்கும் முதல் அலகாகிவிட்டது.

கேள்வி கேட்டவர்

இன்று வகுப்பில் கரும்பலகையில் 'முதலாம் சிறு பகுதி', 'இரண்டாம் சிறு பகுதி' என்று இரு வரிகளை எழுதி, முதல் வரியில் 'முதலாம்' என்பதையும் இரண்டாம் வரியில் 'சிறு பகுதி' என்பதையும் அழித்துக் காட்டினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த மாணவியே எழுந்து விளக்கத் தொடங்கிவிட்டாள். நீங்கள் எதிர்பார்த்தபடியே அடுத்து "மூன்றாவது ஏன் இப்போது இல்லை?" என்று கேட்டாள். நாளை மறுநாள் சொல்வதாக நேரம் கேட்டிருக்கிறேன்.

மறுமொழி 1 எழுதியவர்

தசமப் பின்னங்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லுங்கள். விநாடிக்குக் கீழே அறுபதால் வகுக்கத் தேவை ஏற்படாமல், பத்தில், நூறில், ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுகிறோம். 1585இல் சைமன் ஸ்டெவின் தசமப் பின்னங்களை ஐரோப்பாவில் பரப்புவதற்கு ஒரு சிறு நூல் எழுதியபோது, பத்தில் ஒன்றுக்கு 'முதலாவது', நூறில் ஒன்றுக்கு 'இரண்டாவது', ஆயிரத்தில் ஒன்றுக்கு 'மூன்றாவது' என்று வானியலாளர்களின் அதே வரிசைப் பெயர்களையே வைத்தார். அவருடைய பெயர்கள் நிலைக்கவில்லை, முறை நிலைத்துவிட்டது. போலிஷ் மொழியில் விநாடியின் அறுபதில் ஒரு பங்குக்கு 'மூன்றாவது' என்று பொருள்படும் 'தெர்ட்சியா' என்ற சொல்லும், அரபில் 'தாலிதா' என்ற சொல்லும் இருக்கின்றன. இந்த இரண்டையும் அவளுக்குச் சொல்லுங்கள்.